டெல்லி ரோடும் தனக்கொடியின் பயமும்

முத்தியால்பேட்டைத் தனக்கொடி பிறந்த வீட்டில் இருந்த வரைக்கும் எதற்கும் பயந்தவள் கிடையாது. அடுப்படிக்கு வந்த நல்ல பாம்பை விறகுக் கட்டையால் சாத்தித் தூக்கிப் போட்டுவிட்டு அதே கையோடு உலை வைத்தவள். கல்யாணம் ஆன பிறகுதான் அவளுக்குப் பயம் என்கிற வியாதி வந்தது. அதற்குக் காரணம் புருஷனின் பேர்.

பேர் மண்ணாங்கட்டி. அவருக்கு முன்னால் பிறந்த பிள்ளைகளில் ஒன்றுகூடத் தங்கவில்லை. அதனால் இவர் பிறந்ததும் தாயார் சின்னப்பாப்பா, பிள்ளையை முறத்தில் போட்டு எதிர் வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டாள். மூக்குக் குத்தினாள். மண்ணாங்கட்டி என்று பேர் வைத்தாள். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை, பேரும் மண்ணாங்கட்டி, இதைத் தூக்கிக்கொண்டு போய் என்ன செய்ய என்று எமன் திரும்பிப் போய்விடுவான் என்பது அவள் போட்ட கணக்கு. கணக்குத் தப்பவில்லை, பிள்ளை ஆறடிக்கு வளர்ந்தது. சாகிற நேரத்தில் சின்னப்பாப்பா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அவன வேற பேரு சொல்லி யாரையும் கூப்புட வுடாத."

இதில் ஒரு சங்கடம் இருந்தது. புருஷன் பேரைப் பெண்டாட்டி வாயால் சொல்லக் கூடாது, சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்பது அந்தக் காலத்துப் பெண்கள் அத்தனை பேரும் நம்பின விஷயம். ஆகத் தனக்கொடி அந்தப் பேரைக் காப்பாற்றவும் வேண்டும், சொல்லவும் கூடாது. கூப்பிட வேண்டிய நேரத்தில் "ஏங்க" என்பாள், "பார்வதி அப்பா" என்பாள். பார்வதி அவர்களுடைய ஒரே பெண். தெருவில் மற்றவர்கள் "யோவ் மண்ணாங்கட்டி" என்று கூப்பிடுவதைக் கேட்கிறபோதெல்லாம் அவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

மண்ணாங்கட்டி கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சு துரை வீட்டில் சமையல்காரராக இருந்தார். பிரெஞ்சுக் கொடி இறங்கின வருஷம் துரை மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார். போகும்போது, இத்தனை வருஷம் ஆக்கிப் போட்டதற்காகத் தன் மோட்டார் சைக்கிளைச் சமையல்காரருக்கே கொடுத்துவிட்டுப் போனார். அந்த மனுஷன் ஒரு ஆட்டுக்குட்டியைக் கொடுத்திருக்கலாம், ரெண்டு தென்னம்பிள்ளை கொடுத்திருக்கலாம். கொடுத்தது மோட்டார் சைக்கிள்!

வண்டி வந்த நாளிலிருந்து மண்ணாங்கட்டிக்கு வேறு பேச்சு இல்லை. பெரிய மார்க்கெட் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். மத்தியானப் பந்தி முடிந்ததும் வீட்டுக்கு வருவார். பின்னாலேயே சிநேகிதர் பக்ருதீன் பாயும் வருவார். பாய், வண்டிக் கூண்டுகளுக்கும் கடைகளுக்கும் கித்தான் துணியில் படுதா தைக்கிறவர். ரெண்டு பேரும் வண்டிக்கு எதிரே குந்திக்கொண்டால் பொழுது போவதே தெரியாது.

"இத்தினி நாளா நம்ம தலைநகரம் பாரீசு. அதுக்கு ரோடு கெடயாது, நடுவுல கடலு. இப்ப டெல்லி. டெல்லிக்கு ரோடு இருக்குதுய்யா! வாசல்ல கெளம்புனா நேரா போயி எறங்கலாம்" என்பார் மண்ணாங்கட்டி.

"நேரா எங்க போவுது? அஜ்மீர் வழியா வுடு, நான் தர்காவுல ஒரு பாத்தியா ஓதிட்டு வரேன்" என்பார் பாய்.

"அஜ்மீர் சுத்து வழி பாய்."

"சுத்துனா என்னா, உன் அப்பன் வூட்டு ரோடா தேயப் போவுது?"

கடைக்குச் சாப்பிட வருகிற லாரி டிரைவர்களிடம் ஒவ்வொரு ஊராகக் கேட்டு வந்து, பின்பக்கச் சுவரில் அடுப்புக் கரியால் ரோடு போடுவார் மண்ணாங்கட்டி. கோரிமேடு, திண்டிவனம், மெட்ராஸ், நெல்லூர், பெஜவாடா என்று சுவரில் ஊர்கள் மேலே ஏறிக்கொண்டே போயின. சமையல்காரர் புத்தி, ஊருக்கு ஊர் என்ன சாப்பிடலாம் என்றும் ஒரு படம் இருக்கும். நெல்லூருக்கு நேரே ஒரு மீன், நாக்பூருக்கு நேரே ஒரு ஆரஞ்சு. பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறபோதுகூட அந்தச் சுவரைத் தொடவிடவில்லை.

கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்த்த தனக்கொடிக்கு ஒவ்வொரு ஊரும் ஒரு பயமாக இறங்கியது. கிருஷ்ணா நதிப் பாலம் என்றால் பாலம் இடிந்தால் என்ன செய்வது. நாக்பூருக்குக் கிட்டே காடு என்றால் அங்கே புலி இருக்குமே. சம்பல் பக்கம் கொள்ளைக்காரர்கள் லாரியையே மடக்குகிறார்களாம், அதை ஒரு டிரைவர் சொன்னதாகப் பக்ருதீன் பாய் சிரித்துக்கொண்டே சொன்னார். தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் தேய்த்தாள் அவள்.

ஆனாலும் சும்மா பேச்சுத்தானே என்று இரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். ஒரு நாள் பாய் புதுக் கித்தான் பை ஒரு ஜோடி தைத்துக் கொண்டுவந்தார். வண்டியின் ரெண்டு பக்கமும் தொங்கவிடுகிற பை. கெட்டியான பை, பூட்டு மாட்டக்கூட வளையம் இருந்தது. அதன் மேல் சிவப்பு நூலில் பெரிய எழுத்தாக ஒரு பேர்: இராமதாஸ்.

"யாரு அண்ணே அது?" என்றாள் தனக்கொடி.

"உன் வூட்டுக்காரருதான் தங்கச்சி. டெல்லியில போலீசுக்காரன் நிறுத்திப் பேரு கேட்டா, மண்ணாங்கட்டின்னா சொல்றது? சிரிக்க மாட்டான்? ரோட்டுக்குன்னு ஒரு நல்ல பேரு இருக்கட்டுமே."

டெல்லிப் போலீசுக்காரனுக்குத் தமிழ் தெரியாது, அவனுக்கு மண்ணாங்கட்டியும் ஒன்று இராமதாசும் ஒன்று என்பது அந்த ரெண்டு மேதாவிகளுக்கும் தோன்றவில்லை. மண்ணாங்கட்டிக்கு வாயெல்லாம் பல். பையைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறந்ததிலிருந்து அந்தப் பேரைச் சுமந்தவருக்கு உள்ளுக்குள் ஒரு வெட்கம் இருந்திருக்கிறது என்பது தனக்கொடிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அவருக்காகச் சந்தோஷப்படத்தான் ஆசைப்பட்டாள். முடியவில்லை.

"அந்தப் பேரு வேணாங்க" என்றாள், பாய் போன பிறகு.

"ஏன்டி?"

"அத்த சொல்லிட்டுப் போனாங்க."

"எமனுக்குப் படிக்கத் தெரியுமா? அவன் எந்தப் பள்ளிக்கூடத்துல படிச்சான்?" என்று சிரித்தார் அவர்.

மறுநாள் அவர் வேலைக்குப் போன பிறகு, அரிவாள்மணையில் வைத்து அந்தத் தையலை அறுக்கப் பார்த்தாள். பாய் மெழுகு பூசின நூலால் இரட்டைத் தையல் போட்டிருந்தார். ஒரு எழுத்தின் கால்கூட அசையவில்லை, விரல்தான் அறுபட்டது.

மாசி மாதம் ஒரு காலையில் மண்ணாங்கட்டி ரெண்டு பையிலும் மணலை ரொப்பிக்கொண்டார். டெல்லிக்குப் போகிற பாரத்தோடு வண்டி எப்படி ஓடுகிறது என்று பார்க்கத் திண்டிவனம் வரைக்கும் போய்த் திரும்புவதாக ஏற்பாடு. பாய்க்கு அவசரமாக ஒரு பந்தல் கித்தான் தைக்க வேண்டியிருந்ததால் தனியாகவே கிளம்பினார். "மத்தியானம் சோத்துக்கு வந்துடுவேன்" என்றார். தெருமுனை திரும்புகிற வரைக்கும் தனக்கொடியின் கண்ணில் அவர் முதுகு படவில்லை. அந்தச் சிவப்பு எழுத்துத்தான் பட்டது.

மத்தியானம் வரவில்லை. சோறு ஆறிப் போயிற்று. வெயில் தாழ ஆரம்பித்தபோது பக்ருதீன் பாய் சைக்கிளில் மூச்சிரைக்க வந்து நின்றார். திண்டிவனம் ரோட்டில் மொரட்டாண்டிக்கு அந்தப் பக்கம் நம்ம வண்டி ரோட்டோரமாக விழுந்து கிடப்பதாகப் பஸ்ஸில் வந்தவன் சொன்னானாம், ஆளைக் காணோமாம். "நான் அங்க போயிப் பாக்கறேன். நீ ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாரு தங்கச்சி" என்று சொல்லிவிட்டு மிதித்தார்.

நடந்தது இதுதான். அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் உளுந்துச் செடியைப் பிடுங்கி வந்து ரோட்டின் மேலேயே பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி மிதித்துவிட்டுப் போனால் தடியெடுத்து அடிக்கிற வேலை மிச்சம். லாரிக்கு அது மெத்தை. ரெண்டு சக்கரத்துக்கு எமன். மணல் பாரத்தோடு அதன் மேல் ஏறின வண்டி வழுக்கிக்கொண்டு போய்ப் புளியமரத்தில் மோதியது. ஒரு லாரிக்காரர் ஆளை அள்ளிப்போட்டுக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்.

தனக்கொடி பார்வதியை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு ஓடினாள். முத்தியால்பேட்டையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் எப்படிப் போனாள் என்பது அவளுக்கே தெரியாது. வாசலில் இருந்த ஆள் கேட்டார்: "பேரு என்னம்மா?"

"எங்க வூட்டுக்காரரு. நெட்டையா இருப்பாரு, மூக்குல ஓட்ட இருக்கும்."

"அவரு பேரச் சொல்லும்மா."

அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. இந்த நேரத்தில் அவர் ஆயுசில் ஒரு நாள்கூடக் குறையக் கூடாதே! "ஏரு ஓட்டுனா வயல்ல கெடக்குமே, பொம்பளைங்க ஒடைப்பாங்களே, அதான் அவரு பேரு" என்றாள் அழுதுகொண்டே.

பிள்ளைக்கு மருந்து வாங்க நின்றிருந்த ஒருத்தி, "மண்ணாங்கட்டியாம்மா?" என்றாள். தனக்கொடி தலையை ஆட்டினாள்.

"மண்ணாங்கட்டின்னு யாரும் வரலியே. வண்டியில வுழுந்தவருன்னு ஒருத்தருதான் இருக்காரு. இராமதாஸ்னு ஒருத்தரு. வண்டிப் பையில அந்தப் பேரு இருந்துச்சுன்னு லாரிக்காரரு சொல்லிட்டுப் போனாரு" என்றார் அந்த ஆள்.

நுழைகிற இடத்திலேயே அந்தப் பேர் அவருக்கு முன்னால் போய் நிற்கிறது. தனக்கொடி உள்ளே ஓடினாள்.

கட்டிலில் தலை முழுக்கக் கட்டோடு கிடந்தார். கண் மூடியிருந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட கன்னியாஸ்திரீ அம்மா ஒருத்தர் அவர் காதண்டை குனிந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "முசியே இராமதாஸ்! கண்ணைத் திறங்க! இராமதாஸ்!"

நல்ல எண்ணத்தோடுதான் அந்த அம்மா கூப்பிட்டார். தனக்கொடிக்கோ ஒவ்வொரு கூப்பிடலும் எமனுக்கு வழி காட்டுகிற மாதிரி இருந்தது. ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பேரு வேணாம்மா, வேணாம்" என்றாள்.

"நீ அவரு வீட்டம்மாவா? அப்ப நீ கூப்பிடு. தூங்க விடக் கூடாது. உன் குரல் அவருக்குத் தெரியும்."

"ஏங்க" என்றாள் தனக்கொடி. "பார்வதி அப்பா." கட்டிலில் ஒரு அசைவும் இல்லை. திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். ஊரில் எத்தனை "ஏங்க" இருக்கிறது, எத்தனை அப்பா இருக்கிறார்கள். இது தன்னைத்தான் என்று மயக்கத்தில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? அவர் மூச்சு விட்டு விட்டு வந்தது. சொன்னால் ஆயுசு குறையும். சொல்லாவிட்டால் இராமதாஸ் என்று நினைத்து எமன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். தனக்கொடி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குறைகிறது குறையட்டும், மிச்சம் இருப்பதாவது எனக்கு வேண்டும் என்று நினைத்தாள்.

"மண்ணாங்கட்டி!"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு யாரும் கண்ணில் படவில்லை. மாமியார் தெருவில் நின்று கத்துவாளே, அந்தக் குரல் இவள் தொண்டையிலிருந்து வந்தது. "டேய் மண்ணாங்கட்டி! எழுந்திருடா! தவிட்டுக்கு வாங்குன பயலே, மண்ணாங்கட்டி!" கன்னியாஸ்திரீ அம்மா அவளை இழுத்துப் பிடிக்கப் பார்த்தார். விடவில்லை. தொண்டை கட்டிக் குரல் போகிற வரைக்கும் கத்தினாள். விளக்குப் போடுகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய இமை அசைந்தது. பிறகு கண் திறந்தது.

"அம்மா கூப்புட்டாங்க" என்றார், நாக்குக் குழற.

"ஆமாங்க" என்றாள் தனக்கொடி. நான்தான் என்று அவள் சொல்லவில்லை. இத்தனை சத்தம் போட்டவள் அதற்கப்புறம் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

எலும்பு சேர்ந்து அவர் எழுந்து நடக்க மாசக் கணக்கு ஆயிற்று. ஒரு கால் கொஞ்சம் இழுத்தது. பக்ருதீன் பாய் வந்து கட்டிலோரம் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். இனிமேல் அஜ்மீருக்கு ரயிலில்தான் போவது என்று அவர் சம்சாரம் ஷாஜாதி சத்தியம் வாங்கிவிட்டாள். தனக்கொடி பின்பக்கச் சுவருக்கு ஒன்றுக்கு ரெண்டாகச் சுண்ணாம்பு அடித்தாள். இத்தோடு தொல்லை விட்டது என்று நினைத்தாள்.

அடுத்த வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு, மோதின வண்டி ரிப்பேராகி வாசலுக்கு வந்தது, சுவரில் கோரிமேடும் திரும்ப வந்தது. மறுநாள் திண்டிவனம். தனக்கொடி வாளியோடு நின்று பார்த்தாள். நெல்லூருக்கு நேரே மீன் போடுகிறபோது அந்த மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! விபத்துக்கு அப்புறம் அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்திருக்கவில்லை.

"பாய் வர மாட்டாரே" என்றாள்.

"தனியாத்தான் போவணும்."

"நானும் வரேன்."

அவர் திரும்பினார். "நீயா? சைக்கிள் மணி அடிச்சாலே ஒதுங்குவ. பயந்தே செத்துடுவடி."

"பயம்தான். இங்க குந்திக்கினு இருந்தா மட்டும் பயம் போவுதா? திண்டிவனத்துக்கு அனுப்பிட்டே செத்தேன். டெல்லி வரைக்கும் எத்தினி தரம் சாவறது?" என்றாள். "நாக்பூர்ல நீங்க வுழுந்தா உங்கள யாருன்னு கூப்புடுவாங்க? ஐயான்னுவான், பாபுன்னுவான். நீங்க அதுக்கெல்லாம் எழுந்திருப்பீங்களா? நான் இருந்தாக் கூப்புடுவேன்."

மண்ணாங்கட்டி கரியைக் கீழே வைத்தார். ஆஸ்பத்திரியில் தன்னைக் கூப்பிட்டது யார் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எழுந்து போய் வண்டியின் பின் சீட்டைத் துடைத்தார்.

தை பிறந்ததும் பார்வதியை ஷாஜாதியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். முதலில் மெட்ராஸ், வண்டி ஒத்துழைத்தால் நெல்லூர், அதற்கு மேல் பிறகு பார்க்கலாம் என்று பேச்சு. தனக்கொடி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, அவர் சட்டையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பயம் கொஞ்சம்கூடக் குறையவில்லை. கோரிமேட்டில் கண்ணை மூடினாள். மொரட்டாண்டி தாண்டினபோது கண்ணைத் திறந்து, ரோட்டில் உளுந்து பரப்பியிருக்கிறதா என்று அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அதற்கப்புறம் அவள் கண்ணை மூடவில்லை.