கண்ணன் ஏமாற்றவில்லை என்றொரு பேனர்

அறையில் இருந்தவர்கள் மூவர்: மேலாளர் சபீனா, தனியுரிமைச் சட்டம் பார்க்கும் மார்ட்டின், நான். இல்லாதவன் கண்ணன், கோட்டையூரில் இருக்கும் என் சித்தப்பா மகன். பேச்சு முழுக்க அவனைப் பற்றித்தான். ஆனாலும் அரை மணி நேரமும் அவன் ‘அந்த ஆட்டக்காரர்’ மட்டுமே. ஜெர்மனிக்கு வந்து மூன்று வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. இங்கே ஆஸ்பத்திரியில்கூட எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ஊரில் காதுகுத்துக்கு மொய் வைத்தாலே மைக்கில் பெயரை வாசித்துவிடுவோம்.

நான் வேலை பார்ப்பது ஓர் ஆன்லைன் கேம் கம்பெனியில், ஏமாற்றி ஆடுபவர்களின் கணக்கை முடக்குகிற பிரிவில். முடக்கப்பட்டவர் யார் என்று வெளியே சொல்லக்கூடாது, சட்டம் அப்படி. கண்ணன் ஆடுவதும் எங்கள் கேம்தான். மற்றவர்கள் ஏதாவது புனைபெயர் வைப்பார்கள். அவன் தன் முழுப்பெயரோடு ஊரையும் சேர்த்து வைத்தான். பாஸ்வேர்டைச் சிநேகிதர்கள் நால்வருக்கும் கொடுத்திருந்தான். வீட்டில் இருக்கும் ஒரே வண்டியை ஆளாளுக்கு எடுத்துப்போவது போல, ஒரே கணக்கில் மாறி மாறி ஆடினார்கள். ஒருநாள், ஏமாற்றி ஆடியதாகச் சொல்லிக் கணக்கு முடங்கியது. அந்த அறிவிப்பை எவனோ படமெடுத்து வாட்ஸப் குழுக்களில் போட்டான். மதுரைப் போட்டிக்குப் போகவிருந்த அணி கண்ணனை நீக்கியது.

“அண்ணே, நான் செய்யலண்ணே. நீங்க அங்குட்டுதான இருக்கீக, ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே” என்றான் கண்ணன், போனில்.

சித்தப்பா போனைப் பிடுங்கினார். “நம்ம குடும்பத்துல படிச்சவன் நீ ஒருத்தன்தான்டா. கம்பெனித் தாள்ல நாலு வரி எழுதி அனுப்பு. அந்த டீம்காரன் வாயை மூடிருவான்.”

அதைத்தான் அந்த அறையில் கேட்டேன். “அவன் என் தம்பி. செய்யவில்லை என்று மட்டும் சொல்லலாமா?”

“உங்கள் அம்மாவின் மகனா?” என்றார் மார்ட்டின்.

“இல்லை, சித்தப்பா மகன்.”

“ஓ, தம்பி இல்லையா!” எனக்கும் பாரம் குறைந்துவிட்டது போல அவர் சிரித்தார். பிறகு பொறுமையாக விளக்கினார்: ஒருவர் செய்யவில்லை என்றால் மிச்சமிருப்பவர்களில் ஒருவர் செய்தார் என்றாகும், அதையும் சொல்லக்கூடாது. தன்னைப் பற்றிய தகவலைக் கண்ணனே எழுதிக் கேட்கலாம். ஒரு மாதத்தில் பதில் வரும்.

அந்தக் கணக்கின் பதிவைத் திறந்தால் எந்தக் கணினியில் தப்பு நடந்தது என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். திறந்தால் என் வேலை போகும், விசாவும் போகும். அதற்கும் மேலே, மார்ட்டின் சொன்னது நியாயமாகவும் பட்டது. உண்மையில் செய்தவன் பெயர் தெரிந்தால் ஊர் அந்தப் பையனை என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியாதா? திறக்கவில்லை.

கண்ணன் எழுதிக் கேட்டான். மதுரைப் போட்டி முடிந்து பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து அவனுக்கு ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் வந்தது. தப்பு நடந்த கணினியின் விவரம் மட்டும் கறுப்பாக அடிக்கப்பட்டு, பக்கத்தில் ‘வேறொருவரின் தனியுரிமை’ என்று இருந்தது. அவன் செய்யவில்லை என்பதற்கு அந்தக் கறுப்புதான் சாட்சி. அதை அணிக்காரர்களுக்கு அனுப்பினான். “மெயினான எடத்த மறைச்சு வச்சுட்டு அனுப்புறான் பாருடா” என்று பதில் வந்தது.

சித்தப்பா சும்மா இருக்கவில்லை. கோட்டையூர் பஸ் ஸ்டாப்பில் பேனர் கட்டிவிட்டார். ‘என் மகன் கண்ணன் ஆன்லைன் கேமில் ஏமாற்றவில்லை’ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கண்ணனின் பெரிய படம். அதுவரை பையன்களின் போனுக்குள் கிடந்த செய்தியை, இப்போது டவுன் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லாரும் வாசிக்கிறார்கள். கண்ணன் அடுத்த ஸ்டாப் வரை நடந்துபோய் பஸ் ஏறுகிறான்.

பேனரின் கீழ் மூலையில் என் கல்யாண வீட்டுப் படமும் இருக்கிறது, அடியில் ‘ஜெர்மனி அண்ணன்’. அதை நான் போனில் பார்த்தது அலுவலக வாசலில், பெயரில்லாமல் எண் மட்டும் உள்ள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு.

“ஒன் படம் நல்லா வந்திருக்காடா?” என்றார் சித்தப்பா.

“வந்திருக்கு சித்தப்பா.”

கட்டுக்கூலியோடு சேர்த்து இரண்டாயிரத்து நானூறு ரூபாய் ஆனதாம்.