காலை நீட்ட ஒரு நாற்காலி

போன வாரம் பெரிய வியாழன். அன்று எங்கள் கோயிலில் பன்னிரண்டு நாற்காலி போட்டு, பன்னிரண்டு பேரின் பாதங்களைச் சாமியார் கழுவுவார். இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததை நினைத்துச் செய்கிற சடங்கு.

எங்கள் தமிழ்ப் பூசையில் இதுவரை உட்கார்ந்த எல்லாருமே ஆண்கள்தான். பெண்களும் உட்காரலாம் என்று ரோமில் சொல்லி எவ்வளவோ நாளாகிவிட்டது. எங்கள் கூட்டத்துக்கு வந்துசேரத்தான் தாமதம்!

இந்த வருஷம் புதிதாக வந்த ஃபாதர் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் எல்லாரிடமும் கேட்டார்: "அம்மாமார் யாராவது உட்காருறீங்களா?"

நான் கையைத் தூக்கினேன்.

சவரிமுத்து அண்ணன் எழுந்தே விட்டார். புக்கிட் பாத்தோக் வட்டாரத்தில் இருப்பவர், டாக்சி ஓட்டுகிறார். வருஷா வருஷம் அவருக்கு ஒரு நாற்காலி நிச்சயம்.

"சீடருங்க பன்னெண்டு பேரும் ஆம்பளைங்க, ஃபாதர். இது என்ன புதுப் பழக்கம்?"

"சீடருங்க மீன் பிடிச்சாங்கண்ணே. நீங்க டாக்சி ஓட்டுறீங்க. உங்களை உட்கார வைக்கலையா?" என்றேன்.

சிரிப்பு அடங்கியது. விஷயம் அடங்கவில்லை. வீடு திரும்பும்போது எம்ஆர்டி ரயிலில் என் தோழி ஸ்டெல்லாவே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்குக்கா வம்பு? எல்லார் முன்னாடியும் சேலையைத் தூக்கிக்கிட்டு..."

"பாதந்தான்டி காட்டப்போறேன்."

யோசித்துப் பாருங்கள். தேக்கா சந்தைக்குப் போய்ப் பூ வாங்கி வருவது யார்? பீடத்துணி துவைப்பது, கஞ்சி காய்ச்சுவது, பெஞ்சு துடைப்பது? அதற்கெல்லாம் பெண்கள் வரலாம். யாரும் வேதத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. ஒருத்தி சும்மா உட்கார்ந்து காலை நீட்டினால்தான் வேதம் திறக்கிறது! எனக்குப் படிப்பு குறைவுதான்... இது புரியாத அளவுக்குக் குறைவில்லை.

புதன்கிழமை ஃபாதர் போன் செய்தார். "சண்டை வேணாமேம்மா. இந்த வருஷம் விட்டுடலாமா?"

"நாற்காலியை எடுத்துட்டீங்கன்னா தரையில உட்காருவேன், ஃபாதர். நீங்கதான் இன்னும் குனியணும்."

ஃபாதர் சிரித்துவிட்டார். "சரி, உட்காருங்க லா."

உட்கார்ந்தேன் — நிமிர்ந்துதான். பக்கத்து நாற்காலியில் சவரிமுத்து அண்ணன். பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சில்லென்று தண்ணீர் விழுந்தது. ஃபாதர் மண்டியிட்டு, வெடிப்பு விழுந்த என் குதிகாலைத் துண்டால் ஒற்றினார். சின்ன வயதிலிருந்து பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த சடங்கு. அன்றுதான் அது எனக்கும் நடந்தது.

பூசை முடிந்து வெளியே வந்தால், ஸ்டெல்லாவோடு ஒரு கூட்டமே என்னைச் சூழ்ந்துகொண்டது. அடுத்த வருஷம் யார் உட்காருவது என்று வாசலிலேயே போட்டி!

நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று: "அடியே, ஆம்பளைங்களுக்கும் ரெண்டு நாற்காலி விட்டு வைங்கடி!"