முந்தலுக்குப் போன வாசல் நிலை

ஆவணி முதல் நாள், விடிகாலை ஐந்து மணிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டோம். நானும் என் மனைவி திலகவதியும் உள்ளே; வண்டியோட்டி யோகன் முன்னே; கூரைமேல், நைலோன் கயிற்றால் ஏழு சுற்றுச் சுற்றிப் பிணிக்கப்பட்ட வாசல் நிலை ஒன்றும் அதன் இரட்டைக் கதவுகளும். பள்ளி விடுமுறையில் மக்கள் கடல் காணவும் கோயில் தொழவும் செல்வர். வாசல் நிலையோடு விடுமுறைக்குப் போன குடும்பம் எங்களதாகவே இருத்தல் கூடும். போகும் வழிக்கு மட்டும் வாடகை பதினெண்ணாயிரம் உரூபா.

"கதவுக்குத் தனியாக் காசில்லை, ஐயா. அது வழியெல்லாம் பேசாமல் வரும்" என்றான் யோகன்.

ஆசிரியத் தொழிலின் பழக்கத்தால் நான் புறப்பட்டதிலிருந்து சாலை விதிகளைப் பற்றி அவனுக்கு விளக்கிக்கொண்டு வந்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

நிலையின் வரலாற்றையும் சொல்லிவிட வேண்டும். என் தம்பி குணபாலன் போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து, புத்தளம் மாவட்டத்து முந்தலில் குடியேறி, இறால் பண்ணையொன்றில் மேற்பார்வையாளனாய் இருப்பவன். பதினெட்டு ஆண்டுகள் அவன் வீட்டு வாசலுக்குத் தகரமே கதவு. போர் ஓய்ந்த நாள்முதல், ஊருக்குத் திரும்பி வா என்று மடல்தோறும் எழுதி வந்தேன். இவ்வாண்டு அவன் மறுமொழி எழுதினான்: "அண்ணை, நான் இஞ்சைதான் இருக்கப்போறன். முன்சுவரைக் கல்லிலை கட்டுறன். எங்கடை வீட்டு வளவிலை விழுந்த வேப்பமரத்திலை எனக்கொரு வாசல் நிலை செய்து கொண்டு வாங்கோ." கதவு கேட்பவன் திரும்பி வரமாட்டான். மூன்று நாள் நான் எதுவும் எழுதவில்லை. நான்காம் நாள், "உயரம் ஐந்து முழம், அகலம் இரண்டரை முழம், அதற்கேற்ப வாயில் விடுக" என்று எழுதினேன்.

"அடி, அங்குலத்திலை எழுதுங்கோவன்" என்றாள் மனைவி.

"அங்குலம் வடசொல். முழம் நம்முடையது" என்றேன். அவள் மடலை உறையிலிட்டு ஒட்டினாள். அவள் விட்டுக்கொடுப்பது பெரும்பாலும் எனக்கு நன்மையாய் முடிவதில்லை.

காலை ஏழரைக்கு ஓமந்தைச் சோதனைச் சாவடி. இளம் படைவீரர் ஒருவர் எங்கள் அடையாள அட்டைகளைப் பார்த்தார். பின்பு கூரையைப் பார்த்தார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். தாம் கற்றிருந்த தமிழை ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வைத்து, "ஐயா, கதவு இருக்கு. வீடு எங்கே?" என்றார்.

"வீடு முந்தலிலை, சேர். முன்னுக்கே போயிட்டுது" என்றான் யோகன். அவர் சிரித்து, கைகாட்டி விட்டார்.

பத்து மணிக்கு அனுராதபுரத்தில் காலையுணவுக்குப் பாணும் பருப்பும். நண்பகலைத் தாண்டிப் புத்தளம்; வலப்புறம் கடல்நீர் புகுந்த களப்பு, வெயிலில் தகடுபோல் கிடந்தது. பாலாவியில் உப்பளங்களின் வெண்குவியல்களும் சீமெந்து ஏற்றிய லொறிகளின் சாம்பற்புழுதியும் ஒன்றாய்க் கலந்து என் வேட்டியின் நிறத்தைத் தீர்மானித்தன. ஒன்றரை மணிக்கு முந்தல். முந்நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு.

வேலிப் படலையடியில் தம்பியின் மனைவி செல்வி இரு கைகளையும் விரித்துக்கொண்டு வந்தாள். வரவேற்கிறாள் என்று நானும் கைகளை விரித்தேன். அவள் நிலையைக் காக்க வந்தவள்.

"அத்தான், அவிழ்க்காதேங்கோ! நேரம் வரமுன்னம் நிலையை நிமித்தவும் கூடாது, வெறுமையாப் பார்க்கவும் கூடாது."

நிலையைக் கிடந்த கிடையிலேயே இறக்கி, சாக்கால் மூடி, மேலே மஞ்சள் துணி போர்த்துத் தென்னைகளின் கீழ்க் கிடத்தினார்கள். நோயாளியைக் கிடத்துவதுபோல் இருந்தது. கணியர் குறித்த நேரம் ஆவணி மூன்றாம் நாள், காலை 9.10 முதல் 10.05 வரை. அதை விட்டால் தைதான்.

"தை வரைக்கும் பொறுக்கேலாது, அண்ணை" என்றான் தம்பி. "தகரத்தைக் கழட்டிக் கோழிக்கூட்டுக்குக் கூரை போட்டிட்டன். இப்ப கோழிக்குத்தான் கதவு இருக்கு. எனக்குச் சாக்கு."

இரண்டாம் நாள் வேலை ஒன்றுமில்லை, கடலோரக் கண்டக்குழிக்குப் போனோம். முந்தலிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர். ஓங்கில்கள், மனைவி சொல்லில் டொல்பின்கள், துள்ளுவதைக் காண்பதே என் நோக்கம். கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த மீனவர் தலையை அசைத்தார்.

"காத்துக் காலத்துல வந்திரிக்கீங்களே, ஐயா. எங்கட போட்டே வெளிய போகல்ல. இந்தக் காத்து வெள்ளக்காரனுக்கு."

அவர் சொன்னது மெய். களப்பின்மேல் பெரும் பட்டங்கள் பறந்தன. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வெள்ளையர் பலகைமேல் நின்று நீரைக் கிழித்தார். அந்தக் காற்றின் விசையை மனைவிக்கு விளக்கக் கையை உயர்த்தினேன். என் சால்வை தோளை விட்டெழுந்து, களப்பின்மேல் சற்றுத் தூரம் மிக அழகாகப் பறந்தது.

"பட்டம் விட வெள்ளைக்காரனுக்குக் கனக்கச் சாமான் வேணும். உங்களுக்குச் சால்வையே போதும்" என்றாள் திலகவதி.

மீனவர் இடுப்பளவு நீரில் இறங்கி எடுத்துத் தந்தார். அவரிடமே நண்டு வாங்கினோம், கிலோ அறுநூறு உரூபா.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே மேசன் நிசார்தீன் வந்துவிட்டார். தொண்ணூறாம் ஆண்டில் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்து, அன்றுமுதல் புத்தளத்தில் பிறருக்கு வீடு கட்டி வருபவர். தம்பி அவரை, அண்ணன் எனும் பொருளில், 'நானா' என்பான். சரியாக 9.10க்கு மஞ்சள் துணி நீங்கியது. மாவிலை கட்டி, சந்தனம் தொட்டு, ஆறு பேர் நிலையைத் தூக்கி வாயிலுக்குக் கொண்டுபோனார்கள். வாயிலருகே நின்றார்கள். பின்பு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

நிசார்தீன் அளவுநாடாவை எடுத்தார். "நிலை எட்டடி நாலங்குலம். வாசல் ஏழடி மூணங்குலம்."

"அண்ணை, ஐஞ்சு முழம் எண்டுதானே எழுதினீங்கள்?"

"ஓம். நீ எதனால் அளந்தாய்?"

"என்ரை கையாலை."

எங்கள் குடும்பத்திலேயே குட்டையானவன் குணபாலன். நிலை செய்த யாழ்ப்பாணத்துத் தச்சரோ கையை நீட்டினால் பக்கத்து வளவின் மாங்காயைப் பறிப்பவர். இருவரும் என் மடலின்படி ஐந்து முழம் பிழையின்றி அளந்திருந்தார்கள்.

"அறுப்பமோ?" என்றான் தூக்கியவர்களில் ஒருவன்.

"வாசல் நிலையிலை வாள் வைக்கிறதோ? நான் செத்தாலும் விடமாட்டன்" என்றாள் செல்வி.

"மேல உள்ள கொங்கிறீட்டயும் பக்கத்துச் செவரயும் ஒடைக்கலாம்" என்றார் நிசார்தீன். "முடிய அஸர் தொழுகையாகிடும்." பிற்பகல் மூன்றரை என்று பொருள்.

மணி 9.35. தம்பி மணலில் குந்திவிட்டான். என்னைப் பாராமல், "உங்களுக்கு நான் இஞ்சை இருக்கிறது விருப்பமில்லை. அதுதான் நிலையும் நிக்குதில்லை" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆயினும், மறுமொழி எழுதாத அந்த மூன்று நாளையும் அவன் எண்ணி வைத்திருந்தான் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"பிழை என்னுடையது, தம்பி. நான் அடியில் எழுதியிருக்க வேண்டும்" என்றேன்.

"முப்பத்தாறு வருசத்திலை இதுதான் முதல் தரம்" என்றாள் மனைவி, கூடியிருந்தோர் அனைவருக்கும் கேட்க.

நிசார்தீன் நிலையையும் முற்றத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "மாஸ்டர், நேரம் குறிச்சது நிலைக்கா, செவருக்கா?"

"நிலைக்குத்தான்."

"அப்ப நிலைய நிப்பாட்டுவம். செவர் பொறகு வரட்டும். குணா தம்பி, நீங்க முன்னால விறாந்தை போடணும் எண்டு சொல்லிக்கிட்டுத்தானே இரிக்கீங்க? ஆறடி முன்னுக்கு வெப்பம். இத அளவா வெச்சி நான் விறாந்தைய கட்டித் தாறன்."

தம்பி எழுந்தான். மண்வெட்டி எழுந்தது. குழியில் செல்வி ஒன்பது வகை மணிக்கற்களும் பூவும் இட்டாள். நிசார்தீன் பிஸ்மி சொல்லிச் சீமெந்துக் கலவையை இட்டார். 9.58க்கு, சுவரற்ற வெளியில், கடற்காற்று ஊடே வீச, நான்கு முட்டுக்கம்புகளின் துணையோடு வேம்பின் நிலை நிமிர்ந்து நின்றது. தேங்காய் உடைந்தது. வந்தோர் வரிசையாய் வலக்கால் வைத்து நிலையினூடே வீட்டுக்குள், அதாவது முற்றத்தின் இப்பக்கத்திலிருந்து அப்பக்கத்துக்கு, நுழைந்தார்கள். எவரும் சுற்றி வரவில்லை. கோழி ஒன்று மட்டும் பக்கத்தால் போயிற்று. செல்வி அதைத் துரத்திப் பிடித்து, வாசல் வழியாக மறுபடி விட்டாள்.

மறுநாள் கதவுகளும் மாட்டப்பட்டன. அன்று மாலை விளக்கேற்றியபின் தம்பி இரட்டைக் கதவையும் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, ஒருமுறை இழுத்துப் பார்த்தான். பக்கத்தில் யானை புகும் வெளி.

"இப்பதான் வீடு மாதிரி இருக்கு" என்றான்.

ஆவணி ஏழாம் நாள் காலை ஆறு மணிக்கு யோகனின் வண்டியிலேயே ஊருக்குப் புறப்பட்டோம். தம்பி வாசல் வழியாகவே எங்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் விழும் ஓசை கேட்டது. வண்டி அசையும்போது, "அண்ணை, சால்வை!" என்று கத்திக்கொண்டு நிலையின் பக்கத்தால் ஓடி வந்தான்.

"இஞ்சாருங்கோ! வாசலாலை போங்கோ!" என்றாள் செல்வி உள்ளிருந்து.

அவன் பாதி வழியில் நின்றான், திரும்பிப் போனான், தாழ்ப்பாளை நீக்கினான், கதவிரண்டையும் திறந்து, வாசல் வழியாக வந்து, வெளுத்து மடித்த சால்வையை என் தோளில் போட்டான். எங்கள் யாழ்ப்பாண வீட்டுக்குச் சுவர்கள் முழுமையாக உண்டு, கதவுகள் ஏழு. அவற்றுள் ஒன்றைக்கூட எவரும் எனக்காக அவ்வளவு சிரத்தையாகத் திறந்ததாய் நினைவில்லை.

ஓமந்தையில் அதே படைவீரர். என்னை அடையாளம் கண்டு, வெறுமையான கூரையைச் சுட்டினார்.

"ஐயா, கதவு எங்கே?"

"தம்பி வீட்டில்" என்றேன்.