ஒருவர் திறந்தால் இன்னொருவருக்கு வராத பக்கம்

குழந்தை பிறந்த பிறகு எனக்குக் கிடைக்கவிருந்த முதல் வேலை, நாமக்கல் லாரி ஆபீஸ் ஒன்றுக்கு வெப்சைட். என் லேப்டாப்பில் அதை ஓடவிட்டு, முதலாளியையும் அவர் மனைவியையும் போனில் திறந்து பார்க்கச் சொன்னேன். முதலாளியின் போனில் பில் தயாராகி முடியும்வரை, அந்த அம்மாவின் திரை சுற்றிக்கொண்டே இருந்தது.

"ஏனுங்க, அவரு பாத்தா நான் பாக்கக் கூடாதுங்களா?"

இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று மோதிவிடுமோ என்று பயந்து, சோதனை சர்வரில், ஒரே நேரத்தில் பலரைக் கவனிக்க வைக்கும் மல்டி-த்ரெடிங்கை நிறுத்தி வைத்தவளே நான்தான். அதனால் அது ஒருவரை அனுப்பிவிட்டுத்தான் அடுத்தவரைக் கவனித்தது. ஒரே ஒரு வரியை மாற்றி மறுபடி ஓடவிட்டேன். இரண்டு போனிலும் பக்கம் திறந்தது.

"எனக்குத்தானுங்க மொதல்ல வந்துச்சு!" என்று கணவரைச் சீண்டியவர், என்னிடம் திரும்பினார். "கைக்கொழந்தைய வெச்சுக்கிட்டு இத்தனையும் முடியுங்களா சாமி?"

"முடியுங்க" என்றேன். எதையும் பத்து முறை மாற்றி யோசிக்கும் நான், அந்தப் பதிலை மட்டும் மாற்றி யோசித்ததே இல்லை.