நீக்கி வைத்த பிள்ளை

கர்த்தரை நம்பி வாழும் சகோதர சகோதரிகளே, எங்கள் மகள் எஸ்தரைப் பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று நினைத்து நானும் என் மனைவியும் நான்கு நாட்கள் அழுதோம். அந்த நான்கு நாட்களைப் பற்றித்தான் எழுதுகிறேன். எனக்கு வயது அறுபத்தொன்பது. தேகசுகம் சரியில்லை. மறந்துபோகுமுன் எழுதிவிட வேண்டும் என்ற கவலை வேறு.

இப்போது நடக்கிற யுத்தத்துக்கு முந்தின யுத்தம் முடிந்த சில வருஷங்களில் நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்தோம். சாலை பஜாரில் ஓர் அரிசி மண்டியில் எனக்குக் கணக்கு வேலை. மண்டியில் எல்லாரும் தமிழ் பேசுவார்கள். கோவிலிலும் தமிழ் ஆராதனை. ஆகையால் மலையாளம் கற்கவேண்டிய அவசியம் எனக்கு வரவில்லை. எங்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்து இருவர் சிறு வயதிலேயே இறந்துபோனார்கள். எஸ்தர் மட்டும் இருந்தாள்.

மிஷன் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு வரைதான் உண்டு. அதன்பின் சர்க்கார் பெண் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அங்கே எல்லாப் பாடமும் மலையாளத்தில். பிள்ளைகள் அவளைத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள் என்று "பாண்டி" என்று கேலி செய்தார்கள். முதல் பரீட்சையில் மலையாளத்தில் ஐம்பதுக்கு நாலு மார்க்கு. மார்க்கு குறைந்தால் பெயரை வெட்டிவிடுவார்கள் என்று பஜாரில் ஒரு பேச்சு உண்டு. எனக்குத் தூக்கம் போயிற்று.

மலையாளத்து இடவ மாதம், மழைக்காலத் தொடக்கம். ஒரு வியாழக்கிழமை ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் என்னை வரச்சொன்னார்கள். கோட்டும் தலைப்பாகையும் அணிந்து போனேன். வராந்தாவில் காத்திருந்தபோது ஜன்னல்களை எண்ணினேன், பதினேழு இருந்தன. இரண்டில் கொக்கி இல்லை. மழை ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. அம்மாள் வெளியே வந்து மலையாளத்தில் வேகமாகச் சொன்னார்கள். என் காதில் விழுந்தவை மூன்றே வார்த்தைகள். எஸ்தர். நீக்கி வெச்சு. திங்களாழ்ச்ச. நான் "சரி, சரி" என்று தலையாட்டினேன். என் உடுப்பைப் பார்த்து எனக்கு எல்லாம் விளங்கிற்று என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமையிலிருந்து நம் பிள்ளையை நீக்கிவிட்டார்கள் என்று வீட்டில் சொன்னேன்.

"என்ன தப்புக்குன்னு கேட்டீயளா?" என்றாள் என் மனைவி ரத்தினம்.

"எந்த பாஷையில் கேட்பது?"

"ஊமையன்கூட கையைக் காட்டிக் கேப்பான். தலைப்பாவைக் கட்டிக்கிட்டுத் தலையாட்டிட்டு வந்திருக்கீயளே!"

மறுநாள் எஸ்தரை வகுப்புக்கு அனுப்பவில்லை. அவளிடம் மழை என்று சொன்னோம். பாளையங்கோட்டையில் என் தங்கை வீட்டில் விட்டுத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கவைப்பதென்று நானே முடிவு செய்தேன். ரத்தினம் இரண்டு நாள் சாப்பிடவில்லை. இரண்டு பிள்ளைகளை மண்ணுக்குக் கொடுத்தாயிற்று, மூன்றாவதை ஊருக்குப் போகிற மோட்டாருக்குக் கொடுக்கவா என்றாள். இரவில் இருவரும் முழங்காலில் நின்றோம். பிள்ளை எங்களைப் பிரியாமல் படிக்க வழி காட்டும் என்பதே எங்கள் ஜெபம். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை விடியுமுன் பெட்டியுடன் நாகர்கோவில் மோட்டார் நிற்குமிடத்துக்குப் போனோம். வண்டி வரவில்லை. நெய்யாற்றின்கரைக்கு அப்பால் ரோட்டின்மேல் தண்ணீர் ஓடுகிறது, இன்று போகாது என்றார்கள். நாளை போகுமா என்று நான் ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தேன். ரத்தினம் பெட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தாள்.

"கேட்டதுக்குக் கர்த்தர் பதில் சொல்லிட்டாரு. இந்த ரோட்டை அடைச்சவரு அந்த ரோட்டைத் திறந்துதானே வச்சிருக்காரு? பள்ளிக்கூடத்துக்கு நடங்க."

பள்ளிக்கூடத்துக்குள் நான் தயங்கினேன். அவள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நேரே போனாள். மீன்காரியிடம் பேசிப் பழகிய மலையாளம்தான் அவளுக்குத் தெரியும்.

"என்டெ மோள் எந்து செஞ்சு? எந்தினா நீக்கி?" என் மகள் என்ன செய்தாள், எதற்காக நீக்கினீர்கள் என்று அதற்கு அர்த்தம்.

ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் திகைத்துப்போனார்கள். "ஆரு நீக்கி? ஞானோ?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் பெட்டியைப் பார்த்தேன். உடனே தையல் டீச்சரைக் கூப்பிட்டார்கள். கரமனை அக்கிரகாரத்திலிருந்து வருகிற அந்த அம்மாளுக்கு இரண்டு பாஷையும் தெரியும். விஷயத்தைக் கேட்டதும் அவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"அடராமா! இவா பாஷையிலே நீக்கி வெக்கறதுன்னா தள்றது இல்லே. உங்க பொண்ணுக்குன்னு தனியா எடுத்து வெக்கறது. முன்பெஞ்சிலே அவளுக்கு ஒரு இடம் வெச்சிருக்கா. சாயங்காலம் ஒரு மணி நேரம் எழுத்துச் சொல்லிக் கொடுக்கறதாவும் ஏற்பாடு. திங்கக்கிழமை கூட்டிண்டு வாங்கோன்னுதான் சொன்னாளாம்."

ரத்தினம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர்கள் எங்களை வகுப்புக்கு அழைத்துப் போனார்கள். முதல் பெஞ்சின் ஓரத்தில், கரும்பலகைக்கு நேரே, ஓர் இடம் காலியாக இருந்தது. எஸ்தர் போய் உட்கார்ந்தாள்.

தையல் டீச்சர் காட்டக் காட்ட, நான் வாசலில் நின்று தமிழ்ப் பிள்ளைகளை எண்ணினேன். எஸ்தரோடு ஒன்பது பேர். அவர்களுடைய தகப்பன்மாரில் அந்த வருஷம் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது நான் ஒருவன்தான் என்று தையல் டீச்சர் சொன்னார்கள். மற்ற எட்டுப் பேரும் சொல்லியனுப்பினாலும் வருவதில்லையாம். யாரும் பிள்ளைமேல் அக்கறையில்லாதவர்கள் அல்ல. நாலு பேரை எனக்கு மண்டியில் தெரியும். பிள்ளைக்காக ராப்பகல் மூட்டை சுமப்பவர்கள். பாஷை தெரியாமல் அவமானப்படுவோமே என்ற பயம்தான்.

அன்று முதல் நானும் மலையாள எழுத்துப் படித்தேன். ஒரு வருஷத்தில் கூட்டெழுத்துகள்கூடப் பிடிபட்டன. சனிக்கிழமைதோறும் பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்து, தமிழ்ப் பெற்றோருக்கும் டீச்சர்மாருக்கும் நடுவில் பேசினேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாளே எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். அது சற்று ஆடும். பதினான்கு வருஷம் அதில் உட்கார்ந்தேன். எஸ்தர் பள்ளி இறுதிப் பரீட்சையில் தேறி, இன்று தானும் டீச்சராக இருக்கிறாள். அவளை எங்களைவிட்டுப் பிரிக்காமல் படிக்கவைத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

நான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்த நாட்களில், விதுராவுக்கு மேலே மலையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த ஒருவர், ஊருக்குள் சொந்தக்காரர் வீட்டில் மகளை விட்டுப் படிக்கவைத்தார். ஒரு சனிக்கிழமை நனைந்த கம்பளியுடன் கேட்டுக்கு வெளியே வெகுநேரம் நின்றார். நானே எழுந்து போனேன்.

"உள்ள வரலாமாய்யா? வைய மாட்டாங்களே?"

"வைதால் என்ன வைதார்கள் என்று நான் சொல்கிறேன். வாரும்."

அவர் கம்பளியைப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு வந்தார். மகள் கணக்கில் வகுப்பிலேயே முதல் என்று சொல்லத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். மனிதர் மறுபடியும் மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டார். நானும் சொன்னேன்.

பிள்ளையின் பள்ளிக்கூட வாசலில் பயந்து நிற்கிற சகோதரனே, சகோதரியே, முதலில் ஜெபம் பண்ணுங்கள். பண்ணிவிட்டு அங்கேயே நிற்காதீர்கள். உள்ளே போய்க் கேளுங்கள். உங்களுக்கு முன்பே கர்த்தர் உள்ளே போயிருப்பார்.