சிவப்பு மூடிப் பாட்டில்

ஐயா, அம்மா, இதை வாசிக்கும் தாங்கள் யாராயினும் என் வணக்கம்.

என் கண்முன் இன்றும் நிற்பது ஓர் ஐஸ் பெட்டி. அதில் வெள்ளை மூடியிட்ட பாட்டில்கள் மூன்றும் சிவப்பு மூடியிட்டது ஒன்றும் இருக்கும். மதுரைக்குக் கிழக்கே, கல் வெட்டிக் கைவிட்ட பெருங்குழி ஒன்றை அனல்மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பலால் நிரப்பி, மேலே செம்மண் பரப்பி, வேம்பும் புங்கையும் நட்டிருந்தார்கள். சாம்பலின் நஞ்சு நிலத்தடி நீரில் இறங்குகிறதா என்றறிய, சுற்றிலும் நான்கு கண்காணிப்புக் குழாய்கள் இருந்தன. மாதந்தோறும் குழாய்க்கு ஒரு பெட்டியாக அவற்றின் நீரை எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது எங்கள் பணி. எங்கள் என்றால், பசுமலையிலிருந்து வரும் ஆய்வாளர் அம்மா, ஜீப் ஓட்டுநர், உதவியாளனாகிய நான். மரங்கள் செழித்தன. கிழக்குக் குழாயைச் சுற்றி மட்டும் மழைக்குப் பின்னும் புல் முளைக்கவில்லை. நீரில் ஒரு தூசும் இராது.

நான் உசிலம்பட்டிப் பக்கத்தான். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். இந்த வேலைக்கு வருமுன் பதினெட்டு ஆண்டுகள் பால் சங்கத்தில் பால் அளந்தேன். மும்முறை அலசாத பாத்திரத்தில் ஒரு சொட்டுப் பால் விழவிட்டதில்லை என்பது என் பெருமை. வெள்ளை மூடிப் பாட்டில்களையும் அவ்வாறே அலசச் சொல்லியிருந்தார் ஆய்வாளர் அம்மா. சிவப்பு மூடிப் பாட்டிலைத் தொடக்கத்தில் அவரே நிரப்புவார். வேறு இடங்களும் அவர் பொறுப்பில் சேர்ந்தபின் அது சொல்லாமலே என் கைக்கு வந்தது. திறந்தால் அடியில் சில துளிகளும் மூக்கைக் குத்தும் நெடியும் இருக்கும். ஆய்வுக்கூடத்தில் கழுவியவர் விட்ட அழுக்கென்று கருதி, கொட்டிவிட்டு, மும்முறை அலசி நிரப்பினேன்.

"பச்சப்புள்ளயக் குளிப்பாட்டுற மாதிரியில்ல அலசுறீக! பவுடர் போட்டு விடுங்கண்ணே," என்று சிரிப்பார் ஓட்டுநர்.

மாதந்தோறும் அறிக்கை 'நஞ்சு இல்லை' என்றே வந்தது. அதை நம்பி, கிழக்கிலிருந்த காலனிக்குப் புதிய ஆழ்துளைக் கிணற்று நீரைத் தொட்டியில் ஏற்றித் திறந்தார்கள். அங்கே பூக்கட்டும் ஒரு பெண்மணி குடத்தோடு என்னை மறித்தார்.

"ஏண்ணே, ஆஸ்பத்திரிக்கு ரத்தம் கொண்டுபோற மாதிரி தண்ணியக் கொண்டு போறீகளே, இதக் குடிக்கலாமா?"

"தாராளமாக் குடி தாயி," என்றேன். நானும் ஒரு செம்பு குடித்துக் காட்டினேன்.

ஏழு மாதங்கள் சென்றன. ஒருமுறை ஆய்வுக்கூடத்திலிருந்து பாட்டில்கள் கழுவப்படாமல் திரும்பின. ஆய்வாளர் அம்மா சிவப்பு மூடியிட்டதை வெயிலில் தூக்கிப் பார்த்தார். உட்புறத்தில் காவி நிறப் படிவு.

"அண்ணே, இதுக்குள்ள இருந்த ஆசிட்டை என்ன செஞ்சீங்க?"

"எந்த ஆசிட்டும்மா?"

அவர் அப்படியே மண்ணில் அமர்ந்துவிட்டார். நீரிலுள்ள இரும்பும், அதைப் பற்றிக்கொள்ளும் ஆர்சனிக் என்னும் நஞ்சும் பாட்டிலில் ஒட்டாமல் கரைந்தே நிற்பதற்காக இட்ட அமிலம் அது. நான் அதைக் கொட்டியதால் நஞ்சு படிவோடு தங்கிவிட, மேலே தெளிந்த நீரை அளந்து 'இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். அன்றே அவர் தம் கையால் மீண்டும் நீர் எடுத்தார். நஞ்சு உண்டென்று முடிவு வந்ததும் காலனித் தொட்டி மூடப்பட்டது. தவறு நேர்ந்த விதத்தை மேலிடத்துக்கு எழுத உட்கார்ந்தார் அவர்.

"என் பேரையும் எழுதுங்கம்மா," என்றேன்.

"சொல்லித் தராதது நான்தானண்ணே," என்று தம் பெயரை மட்டுமே எழுதினார். காலனியில் கூட்டம் ஜீப்பைச் சூழ்ந்து, "கரண்டு கம்பெனிக்காரனுக்கு வேண்டியவ! தெரிஞ்சே எங்களக் குடிக்க விட்டா!" என்று ஏசியது. அவர் தலைகுனிந்து நின்றார். உண்மையை அறிந்த என் வாய் திறக்கவில்லை. பிறகு அவரை எங்கோ மாற்றிவிட்டார்கள்.

அந்த நஞ்சு உடனே காட்டாது; ஆண்டுகள் கழித்து உள்ளங்கையிலும் பாதத்திலும் தடிப்பாய் எழும் என்று அவர் சொல்லியிருந்தார். ஆண்டுகள் பல கடந்து, சென்ற வாரம் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் அந்தப் பெண்மணி எனக்குப் பூ நீட்டினார். உள்ளங்கை முழுவதும் கம்பரிசி அளவில் கெட்டிப் புள்ளிகள்.

"பூக்கட்டிக் கட்டிக் காச்சுப் போச்சுண்ணே," என்றார்.

பூக்கட்டுபவர்க்கு விரல்தான் காய்க்கும். நான் செய்ததை அங்கேயே சொன்னேன். அவர் தம் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப, அந்தம்மாவ நாங்க அம்புட்டு ஏசுனது?" என்றார் பிறகு.

மறுநாள் அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். எந்த நீரை, எத்தனை மாதம் குடித்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார். அதற்கான விடையே இந்த எழுத்து. அந்த ஏழு மாதமும் அந்நீரைக் குடித்தவர் ஒவ்வொருவரும் கையையும் காலையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பாட்டிலை அலசியவன் நான். ஆய்வாளர் அம்மா பொய் எழுதவில்லை. இதைத் தயவுசெய்து பத்திரமாக வைத்திருங்கள்.