என் முதுகை நானே பார்த்த நாள்

நெல் லாரியிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டதில், இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்ச்சி போய்விட்டது. சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் மனைவிதான் என்னைப் புரட்டிப் படுக்க வைப்பாள். நான் சுவரையே பார்த்துக் கிடப்பேன். ஒருநாள் நர்ஸ் என்னிடம் நீளக் கைப்பிடி வைத்த கண்ணாடியைக் கொடுத்தார்.

"வலி தெரியாதுல்ல அண்ணே, அதனால நீங்களே பாக்கணும். செவந்திருந்தா உடனே சொல்லுங்க, படுக்கப் புண்ணு வராமத் தடுத்துடலாம்."

"செத்த ஒடம்புல என்னத்தப் பாக்குறது?" என்று எரிந்து விழுந்தேன்.

மனைவி என்னை ஒருக்களித்துப் பிடித்தாள். கண்ணாடியைப் பின்னால் நீட்டிப் பார்த்தேன். பிட்டத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. அதுவும் என் உடம்புதான் என்று உறைத்ததும் பயந்துபோனேன்.

அதன் பிறகு புரட்டிப் படுக்க வைக்கும் நேரமானால் நானே, "திருப்பி வுடு புள்ள" என்று குரல் கொடுப்பேன். சிவப்பு மெல்ல மறைந்தது. புண் இல்லாமல் எங்கள் ஊர் குமராட்சிக்கு வந்து சேர்ந்தேன். கால்கள் இன்றுவரை அசையவில்லை.